மாட்டு டாக்டரும் நானும் மாணவ ஆலோசகர் தேடிய கதை

போன வாரம் வசந்தா போன் பண்ணினாள். என்னிடம் உதவி ஆசிரியையாக வந்து சேர்ந்தவள், இன்று தலைமை ஆசிரியை. "டீச்சர், ஸ்கூல்ல ஸ்டூடண்ட் அட்வைசர்னு பெரிய கிளாஸ்லேர்ந்து ஒருத்தரைப் போடச் சொல்லியிருக்காங்க. சின்னப் பசங்களுக்கு எந்த குரூப் எடுக்கலாம், என்ன படிக்கலாம்னு யோசனை சொல்றதுக்கு. உங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "எப்படி எடுக்கப் போறே?" என்று கேட்டேன்.

"லஞ்ச் டைம்ல ரெண்டு பேரைக் கூப்பிட்டுப் பேசிட்டு, ஒருத்தரைப் போட்டுற வேண்டியதுதான்."

நாங்கள் பாகூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மாணவ ஆலோசகரை நியமித்தபோது போட்டித் தேர்வு வைத்தோம், ஜூரி கூட்டினோம், ஊர் ஊராக விசாரணைக்குப் போனோம், பாவம் ஒரு மாட்டு டாக்டரை அவருக்கே தெரியாமல் மாப்பிள்ளையாக்கினோம். இதைச் சொன்னதும் வசந்தா சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. எழுதித் தாருங்கள் என்று பிடித்துக்கொண்டாள். மூலக்குளத்தில் என் வீட்டு வாசலில் ஓடுகிற வண்டிச் சத்தத்துக்கு நடுவே, முடிந்தவரை எழுதுகிறேன்.

நான் படித்து வேலைக்கு வந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. வில்லியனூரில் பிறந்தேன். புதுச்சேரியில் கன்னியாஸ்திரிகளிடம் பிரெஞ்சு படித்தேன். பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிவிட்டான் என்று எல்லோரும் பட்டாசு வெடித்து ஓய்ந்த சமயத்தில் பிரெஞ்சு டீச்சராக வேலைக்குச் சேர்ந்தேன். என் ராசி அப்படி.

கொடி மாறியதே தவிர, விதிப் புத்தகங்கள் மாறவில்லை. சட்டப்படி முழுதாகக் கைமாற இன்னும் சில வருடங்கள் கிடந்தன. அதுவரை பழைய விதியும் உண்டு, புதிய உத்தரவும் உண்டு. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் என்ன செய்வது என்பதற்குப் புதுச்சேரியிலிருந்து விளக்கம் வரும். அந்த விளக்கத்துக்கு ஒரு விளக்கம் வரும். பிள்ளைகள் பாடுதான் திண்டாட்டம். பிரெஞ்சுப் பிரிவில் தொடர்வதா, இங்கிலீஷுக்குப் போவதா, தமிழிலேயே படிப்பதா என்று அவர்களுக்கும் தெரியாது, பெற்றவர்களுக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் தெரியாது.

எங்கள் தலைமை ஆசிரியர் முசியே லூர்துநாதர். ஊரார் 'திரெக்தர் ஐயா' என்பார்கள். சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். ஒன்றாம் வகுப்புக் குழந்தையையும் 'நீங்கள்' என்றுதான் அழைப்பார். "நீங்கள் ஏன் மூக்கு ஒழுக நிற்கிறீர்கள்?" என்று அவர் குனிந்து கேட்டால், அதுவரை சும்மா நின்ற குழந்தை வீறிட்டு அழும். மேலிடத்துச் சுற்றறிக்கையை எழுந்து நின்றுதான் படிப்பார். அரசாங்கம் பேசும்போது உட்கார்ந்திருக்கக் கூடாதாம். அவர் நின்றால் நாங்களும் நிற்க வேண்டும், நீளமான சுற்றறிக்கை வந்தால் கால் கடுத்துவிடும். பள்ளி மணியின் கயிறு அறுந்தபோது, அது தானாக அறுந்ததா, யாராவது அறுத்தார்களா என்று விசாரிக்க மூன்று பேர் குழு போட்டார். குழு முடிவு சொல்லும்வரை மணி அடிக்கக் கூடாது என்றார். வயிற்றுப் பசியை வைத்து நாங்கள் மணி பார்த்த காலம் அது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் வாயில் பொய் வராது. ஆள் பார்த்து விதியை வளைக்கத் தெரியாது. அவர்மேல் எனக்கு எரிச்சலும் உண்டு, மரியாதையும் உண்டு. எது அதிகம் என்பது நாளுக்கு நாள் மாறும்.

அந்த ஐப்பசியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. நின்றோம். ஒவ்வொரு பள்ளியிலும் மேல் வகுப்பிலிருந்து ஒருவரை மாணவ ஆலோசகராக நியமிக்க வேண்டும், பிரிவு தெரியாமல் திகைக்கும் பிள்ளைகளுக்கு அவர்கள் பேச்சிலேயே அவர் எடுத்துச் சொல்ல வேண்டும். நல்ல யோசனைதான். எங்களைக் கண்டாலே பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். எனக்குத் தெரிந்து இரண்டு பேருக்குத்தான் அதில் இஷ்டம் இருந்தது. அவர்களைக் கூப்பிட்டுப் பேசி ஒருவரைப் போட்டால் தீர்ந்தது என்றேன்.

முசியே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மத்மொசேல், 'நியமிக்க' என்று எழுதியிருக்கிறார்கள். நியமனம் என்றால் கொங்கூர்" என்றார். கல்யாணமாகாத என்னை 'மத்மொசேல்' என்றுதான் கூப்பிடுவார்.

கொங்கூர் என்றால் பிரெஞ்சுக்காரர்கள் உத்தியோகத்துக்கு ஆள் எடுக்க வைக்கும் போட்டித் தேர்வு. எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, உடல் தகுதிச் சான்று, நன்னடத்தை விசாரணை, எல்லாவற்றுக்கும் மேலே மூன்று பேர் ஜூரி. முசியேவும் நானும் போக, ஜூரியில் ஒருவர் வெளி இலாகா அதிகாரியாக இருக்க வேண்டும். பாகூரில் அன்றைக்குக் கைக்கெட்டிய ஒரே வெளி இலாகா அதிகாரி மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் சம்பந்தம். மனித டாக்டர் மாற்றலாகிப் போய் அந்த நாற்காலி காலியாகக் கிடந்ததால், உடல் தகுதிச் சான்றும் அவரே தந்தார். 'அரசாங்க டாக்டர்' என்றுதான் விதியில் இருக்கிறது, எதற்கு டாக்டர் என்று இல்லை என்றார் முசியே. சம்பந்தம் தமக்குத் தெரிந்த முறையில் இருவருக்கும் ஒரே மாதிரி எழுதிக் கொடுத்தார்: 'கண் தெளிவு. பல் வரிசை நன்று. நடை சீர். சாது. பழகியவர்களை முட்டாது.' முசியே அதை இரண்டு முறை படித்துவிட்டு, கடைசி வரி ஆலோசகருக்கு முக்கியம் என்று சொல்லி வைத்துக்கொண்டார்.

போட்டியிட்ட இருவரில் ஒருவன் எத்திராசு. வகுப்பில் முதல் பையன். வருகை எடுக்கும்போது 'உள்ளேன்' என்று சொல்லவே கூச்சப்பட்டு, பக்கத்துப் பையனைச் சொல்லச் சொல்வான்.

இன்னொருத்தி பூரணி. குருவிநத்தத்தில் நெல்லும் கரும்பும் போடுகிற கோதண்டத்தின் மகள். பதினெட்டைத் தொட்டவள், வகுப்பில் மூத்தவள். காட்டேரிக்குப்பத்தில் இருக்கும் தாய்மாமன் சிங்காரத்துக்கு அவள் என்று தொட்டிலிலேயே பேசி வைத்திருந்தார்கள். மார்கழி கழிந்ததும் தையில் கல்யாணம். கல்யாணம் ஆனால் படிப்பு அத்தோடு சரி. வருடக் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டால் அவளும் டீச்சர் வேலைக்கு மனுப்போடலாம். "இன்னும் கொஞ்ச மாசம்தான் டீச்சர், அதுக்குள்ள இவங்களுக்கு இன்னா அவசரம்?" என்று ஒரு நாள் என்னிடம் கேட்டாள். அவள் அப்பாவிடம் நானே ஒரு முறை பேசிப் பார்த்தேன். அரசாங்க உத்தியோகஸ்தர் யாரைக் கண்டாலும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிடுகிற மனுஷன் அவர். என்னையும் கும்பிட்டார், தலையை ஆட்டினார், ஒன்றும் செய்யவில்லை.

எழுத்துத் தேர்வில் இருவரும் நன்றாகவே எழுதினார்கள். அடுத்தது நன்னடத்தை விசாரணை. ஜூரியில் இருவர் நேரில் போக வேண்டும், அக்கம்பக்கத்தில் குணம் விசாரிக்க வேண்டும், எதற்காக விசாரிக்கிறோம் என்பதை மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் சாட்சி கெட்டுவிடுமாம். கல்யாணமாகாத சம்பந்தத்தின் மோட்டார் சைக்கிளில் கல்யாணமாகாத நான் ஏறி உட்கார முடியுமா? அவர் முன்னால் மோட்டார் சைக்கிளில் மெல்ல மெல்லப் போனார். நான் பின்னால் கூண்டு வண்டியில் போனேன். குருவிநத்தத்தில் நாங்கள் நுழைந்த கோலம் ஊர்க்காரர்கள் கண்ணில் எப்படிப் பட்டிருக்கும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கிணற்றடியில் இருந்த அம்மாவிடம், "கோதண்டம் பொண்ணு பூரணி எப்படிம்மா, எல்லார்கிட்டயும் நல்லாப் பேசுமா?" என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தூரத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்த சம்பந்தத்தைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அய்ய, அது வாயே தொறக்காதும்மா. குனிஞ்ச தல நிமுராது. இன்னா கேட்டாலும் ஆமாங்கும். அந்த மாரி ஒரு பொண்ண நீ தேடினாலும் கெடைக்காது" என்றார்.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டதற்கெல்லாம் ஆமாம் போடுகிறவள் எப்படி ஆலோசனை சொல்வாள்? இரண்டு வீடு தள்ளி இன்னொரு அம்மா இருந்தார். சிங்காரத்துக்கு ஒன்றுவிட்ட அக்கா முறை என்று பிறகு தெரிந்தது. அவர் கையை நொடித்தார். "அத்த எவன் கட்டுவான்? பெரியவங்கன்னு பாக்காம எதுத்துப் பேசும். தெருவுல எந்தப் புள்ளைக்கு இன்னா சண்டைன்னாலும் அதுங்கிட்டதான் போவுது. படிப்ப நிறுத்தாதன்னு எம்பொண்ணு மனசையே கலைச்சி வுட்டுட்டா. இப்ப அவ வயலுக்கு வர மாட்டேங்கறா!"

சம்பந்தம் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஊர் முழுக்க நாங்கள் பெண் கேட்டு வந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறது. மோட்டார் சைக்கிள்காரர் மாப்பிள்ளை. கூண்டு வண்டியில் வந்த நான் நாத்தனார். பூரணிக்கு வேண்டியவர்கள் அவள் குணத்தை மறைத்தார்கள், வேண்டாதவர்கள் அப்படியே சொன்னார்கள். முதல் நாள் பாகூரில் எத்திராசைப் பற்றி விசாரித்தபோது, 'பேச்சில் புலி' என்று தெருவே ஒரே வாயாகச் சொன்னதன் மர்மமும் பிடிபட்டது. அங்கே நாங்கள் பெண் வீட்டார்.

பூரணி வீட்டுக்குப் போவதற்குள் செய்தி எங்களுக்கு முன்னால் போய்விட்டது. பாய் விரித்திருந்தார்கள். கோதண்டம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். முறுக்கும் காப்பியும் வந்தன. சம்பந்தம் ஒன்றும் அறியாமல் முறுக்கைக் கடித்துக்கொண்டு, "கொட்டகையில கட்டியிருக்கறது இளங்கன்னுதானே?" என்று விசாரித்தார். மாப்பிள்ளைக்கு மாடு கன்றில் அக்கறை என்று எல்லோரும் பூரித்துப் போனார்கள். பூரணி பட்டுப்புடவையில் தட்டோடு வந்து என் எதிரே குனிந்தாள். குனிந்தவள் பிரெஞ்சில் சொன்னாள்: "மத்மொசேல், இவங்க நினைக்கறதை நினைக்கட்டும். நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க. தை போயிடட்டும்." அவசரத்தில் ஒரு வினைச்சொல்லைத் தப்பாகச் சொன்னாள். பழக்கதோஷம், திருத்திவிட்டேன். பெண்ணும் நாத்தனாரும் இப்போதே வெள்ளைக்காரப் பேச்சு பேசிக்கொள்கிறார்கள் என்று உள்ளே பெண்கள் வாயில் கை வைத்தார்கள்.

முசியேவிடம் நடந்ததைச் சொன்னேன். "விசாரணையின் நோக்கத்தைச் சொல்லக் கூடாது. நீங்கள் சொல்லவில்லை. விதிப்படி நடந்திருக்கிறீர்கள்" என்றார். ஊர் என்ன நினைத்துக்கொள்ளலாம் என்பதற்கு விதி கிடையாதாம். சம்பந்தத்துக்கு நான் சொல்லவில்லை. வாய்மொழித் தேர்வு முடியும்வரை அந்த மனுஷர் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வாய்மொழித் தேர்வு அன்று காலை, காட்டேரிக்குப்பத்திலிருந்து சிங்காரம் மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். நல்ல உயரம், முறுக்கிய மீசை. கோதண்டம் கல்யாணப் பேச்சைத் தட்டிக் கழிக்கிறார், காரணம் கேட்டால் பள்ளிக்கூடத்துப் பக்கம் கை காட்டுகிறார். "எம்பொண்ண எவன்யா கேட்டது?" என்று வாசலிலேயே சத்தம். முசியே எழுந்து போய் வரவேற்றார். வாய்மொழித் தேர்வு பொதுமக்கள் முன்னால் நடக்க வேண்டும் என்பது விதி. பொதுமக்கள் யாரும் வரவில்லையே என்று அவர் காலையிலிருந்து கவலையில் இருந்தார்.

"வாருங்கள். நீங்கள்தான் பொதுமக்கள். உட்காருங்கள்" என்று முன் பெஞ்சியைக் காட்டினார்.

"இன்னாங்க இது, நாயம் கேக்க வந்தவன பெஞ்சில ஒக்கார வெக்கிறீங்க?" என்றபடியே சிங்காரம் உட்கார்ந்துவிட்டார். முசியேவின் கோட்டுக்கு அந்தச் சக்தி உண்டு.

பொதுமக்களில் ஒருவர் ஒரு பிரச்சினையைச் சொல்ல வேண்டும், போட்டியாளர் அதற்கு யோசனை சொல்ல வேண்டும். இதுதான் தேர்வு. சின்னப் பிள்ளைகள் யாரையாவது கேட்கச் சொல்லலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் சிங்காரம் எழுந்தார். "எங்கிட்ட ஒண்ணு கீது. ஒருத்தனுக்கு ஒரு பொண்ணு. தொட்டில்லயே பேசினது. இப்ப மோட்டார் சைக்கிள்ல எவனோ வந்து கேட்டுட்டுப் போறான். அந்தப் பொண்ணோட அப்பன் பல்ல இளிக்கிறான். இவன் இன்னா செய்யணும்? சொல்லச் சொல்லுங்க."

எத்திராசு எழுந்து நின்றான். சிங்காரத்தின் மீசையைப் பார்த்தான். "இது பாடத்துல இல்லீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அவன் பள்ளியில் தானாகப் பேசி நான் கேட்ட முதல் வாக்கியம் அது.

அடுத்து பூரணி.

"ஒக்காரு மாமா. நின்னுகினே கேட்டா கோவம்தான் வரும்." அவர் உட்கார்ந்தார். "மாப்ள வந்ததா யாரு சொன்னது?"

"ஊரே சொல்லுது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணாலேயே வேண்டாம் என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவரு மாப்ள இல்ல மாமா. அதோ ஒக்காந்துகினு இருக்காரே, மாட்டு டாக்டரு. இந்தப் பள்ளிக்கூட வேலைக்கு என் கொணத்த விசாரிக்க வந்தாங்க. வூட்டுல தப்பா நெனச்சிக்கினாங்க. எனக்குத் தெரியும், நான்தான் சொல்லல. உன் கோவத்துல நாயம் இருக்குது. நீ அப்பாகிட்ட போயி நேராப் பேசு. அவரு குடுத்த வாக்கு அப்படியேதான் இருக்குது." முன் பெஞ்சிப் பக்கம் ஓரடி வைத்தாள். "இது நீ கேட்டதுக்குப் பதிலு. நான் படிக்கணும்னு நெனைக்கறது வேற. அத்த நீ கேக்கல."

அடி பைத்தியமே என்று மனசுக்குள் திட்டினேன். அவளுக்கு இருந்த ஒரே மறைப்பு அது. அதைத் தன் கையாலேயே பிய்த்து எறிந்துவிட்டாள். சிங்காரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தம் முகம் வெளிறி, "நான் மாப்பிள்ளையா? யாருக்கு?" என்று என் காதில் கேட்டார்.

மதிப்பெண் போடும்போது முசியேவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. தன் சொந்த விஷயத்தில் ஒருவர் யோசனை சொன்னால் அது செல்லுமா? கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றார். ஜூரியில் மற்ற இரண்டு பேரும் நின்றோம். வெளியே சிங்காரத்தின் மாடுகள் தீனி தின்று முடித்துவிட்டன. கடைசியில் திரும்பி, "தனக்கு நஷ்டமான யோசனையைச் சொன்னவருக்கு அதில் சொந்த நலன் இருந்ததாகக் கொள்ள முடியாது. செல்லும்" என்றார். பூரணி மாணவ ஆலோசகரானாள். மார்கழி முழுக்க மர நிழலில் அவளைச் சுற்றிப் பிள்ளைக் கூட்டம். எந்தப் பிரிவு என்று கேட்டு வந்தவர்கள், போகும்போது தெளிவாகப் போனார்கள். எத்திராசுகூட ஒரு நாள் போய் நின்றான்.

தை பிறந்தது. ஒரு காலையில் கோதண்டமும் சிங்காரமும் ஒன்றாக வந்து, பள்ளியிலிருந்து பூரணியின் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. முசியே அந்தச் சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கோதண்டமும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். வருட நடுவில் படிப்பை விடுகிற எந்தப் பிள்ளையும் முதலில் மாணவ ஆலோசகரைச் சந்திக்க வேண்டும், அவர் அபிப்பிராயம் இல்லாமல் பெயரை எடுக்கக் கூடாது என்று கடைசிப் பத்தியில் இருந்தது.

"அதுக்கின்னாங்க, அவர வரச் சொல்லுங்க. பாத்துட்டுப் போவட்டும்" என்றார் கோதண்டம்.

"அவர் உங்கள் மகள்தான்."

கோதண்டம் சிங்காரத்தைப் பார்த்தார். சிங்காரம் என்னைப் பார்த்தார். நான் முசியேவின் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்கான அடையாளம் ஒரு துளி இல்லை. "மாணவி பூரணி, ஆலோசகர் பூரணியைச் சந்திக்க வேண்டும். விதியில் விலக்கு இல்லை" என்றார். பக்கத்து அறையில் ஒரு மேசையும் எதிரெதிராக இரண்டு நாற்காலியும் போடச் சொன்னார்.

பூரணி அறை வாசலில் நின்று, "முசியே, நான் எந்த நாற்காலியில ஒக்காரணும்?" என்று கேட்டாள்.

யோசித்தார். "கேட்கும்போது ஒன்று. சொல்லும்போது மற்றது."

கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் வெளியே பெஞ்சியில் உட்கார்ந்தோம், முசியே மட்டும் நின்றார். முதலில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். சும்மா இருந்துவிட்டு வெளியே வருவாள் என்றுதான் நினைத்தேன். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது.

"அப்பாவுக்கு ஊர்ல தலக்குனிவு ஆயிடாதா?"

நாற்காலி நகர்ந்தது.

"ஆவும்."

நாற்காலி நகர்ந்தது.

"மாமா நல்ல மனுசன்தானே? அவர ஏன் வேணாங்கற?"

"வேணாங்கல. இப்ப வேணாம்."

"இதே மாரி பரீட்ச முடிஞ்சப்புறமும் இன்னொண்ணு சொல்லுவியா?"

இந்த முறை நாற்காலி நகரவில்லை. பிறகு அழுகைச் சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அந்தப் பெண் ஏமாற்றவில்லை, தன்னிடமே கறாராகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் யாரும் அவளிடம் அப்படி உட்கார்ந்து கேட்டதில்லை என்று நினைத்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. சிங்காரம் துண்டின் நூலைப் பிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அழுகை நின்றது. "தெரியல. ஆனா அப்ப நானே வந்து சொல்லுவேன்" என்று ஒரு குரல். கடைசியாக ஒரு முறை நாற்காலி நகர்ந்தது.

பூரணி முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "கேட்டம்பா. பரீட்ச முடியற வரைக்கும் இருக்கச் சொல்லிட்டாங்க."

"யாரும்மா?"

"ஆலோசகரு."

கோதண்டம் முசியேவைப் பார்த்தார். "அபிப்பிராயம் கிடைத்துவிட்டது" என்றார் முசியே. சிங்காரம் எழுந்து, "கெளம்பு மாமா. தை வுட்டா மாசமே இல்லியா?" என்று வெளியே நடந்தார்.

கோதண்டம் உடனே போகவில்லை. அறை வாசலுக்கு வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். அவருக்கு விளங்கவில்லையா, விளங்கித்தான் செய்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, "நீங்க சொன்னா சரிதானுங்க" என்று கைகூப்பினார். எது ஆலோசகர் நாற்காலி என்று தெரியாததால், இரண்டையும் கும்பிட்டார்.